சுபலட்சுமியின் முதல் தோள்

அந்த அம்மாள் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, ரவிக்கைக் கையைத் தோள்வரை சுருட்டி ஏற்றிவிட்டு, அப்புறந்தான் எதிரில் பஞ்சும் கையுமாக நின்ற சுபலட்சுமியை ஏறிட்டுப் பார்த்தாள். சுபலட்சுமி சிரித்தாள். அந்த அம்மாளும் சிரித்தாள்.

"எத்தனாப்பு படிக்கிற தாயி?"

"காலேஜும்மா. பார்மசி. அஞ்சாவது வருசம்."

"நல்லாப் படி தாயி, நல்லா வருவ" என்று தலையில் கைவைத்து ஆசீர்வாதம் பண்ணிவிட்டு, சுருட்டிய கையை இறக்காமலே எழுந்து பக்கத்து வரிசையில் போய் நின்றுகொண்டாள்.

இது பிள்ளையார்பட்டி முகாமில் நடந்தது. அதற்கு முந்தைய முகாம்களிலும் கதை இதேதான். மழைக்காலக் காய்ச்சலுக்கான தடுப்பூசியைக் காரைக்குடிப் பக்கத்துக் கிராமங்களுக்குக் கொண்டுபோய்ப் போடுவதாகக் கல்லூரியும் ஆரம்ப சுகாதார நிலையமும் சேர்ந்து ஏற்பாடு. மருந்தியல் மாணவர்கள் பெட்டி சுமந்து, மருந்தைச் சூடேறாமல் பார்த்து, வந்தவர்களை விசாரித்து, டாக்டர் கண்ணெதிரில் ஊசி போட்டுப் பழக வேண்டும். இரண்டு நாற்காலி போடுவார்கள். ஒன்று அவள் வகுப்பு அருண்பாண்டியனுடையது, மற்றது சுபலட்சுமியுடையது. அருண்பாண்டியனின் நாற்காலி சூடு ஆறியதே கிடையாது. சுபலட்சுமியின் நாற்காலியில் ஒருமுறை நாய் வந்து படுத்தது.

கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்று வாய் வலிக்கச் சொல்கிற அதே ஜனம்தான், ஊசி என்று வந்ததும் ஆள் பருமனைப் பார்க்கிறது. சுபலட்சுமி நாலே முக்கால் அடி. கடையில் இருந்ததிலேயே சின்னதாகப் பார்த்து வாங்கிய வெள்ளைக் கோட்டு அவளுக்குக் கெண்டைக்காலைத் தொட்டது. அருண்பாண்டியனோ ஆறடி. இரண்டாம் வருஷத்திலேயே தாடி வந்துவிட்டது. "உக்காருங்க" என்று அவன் ஒரு சொல் சொன்னால் போதும், பெரிய ஆஸ்பத்திரி டாக்டரே இறங்கி வந்துவிட்டதாக நினைத்து ஊரே உட்காரும். அவன் முதல் முகாமில் ஊசி போடுவதற்கு முன்னாலேயே பிளாஸ்திரியை ஒட்டிவிட்டு, மருந்தை எங்கே குத்துவது என்று தேடினான் என்பதெல்லாம் ஊருக்குத் தெரியுமா?

வேலை தெரிந்தவள் அவள். கல்லூரியில் ஊசி பழக ஒரு ரப்பர் தோள் உண்டு. அதற்கு விடுதிப் பெண்கள் 'முத்தரசு மாமா' என்று பேர் வைத்திருந்தார்கள். சாப்பிட மறந்தாலும் முத்தரசு மாமாவுக்கு ஊசி போட மறக்கமாட்டாள் சுபலட்சுமி. தோள் எலும்புக்குக் கீழே விரல் வைத்து அளந்து, நேர்குத்தாக இறக்கி, பதறாமல் எடுப்பாள். மாமாவும் ஒருநாள்கூட அவளை எத்தனாப்பு என்று கேட்டதில்லை. என்ன பிரயோசனம்? டாக்டர் மஹாலட்சுமி பயிற்சி முடிந்ததென்று கையெழுத்துப் போட வேண்டுமானால், ரத்தமும் சதையுமாக ஓர் ஆள் தோளை நீட்ட வேண்டும். மிச்சமிருந்தது ஒரே முகாம். அதிலும் ஒருவரும் உட்காரவில்லையென்றால் அடுத்த மழைக்காலம்வரை காத்திருந்து, ஜூனியர் பிள்ளைகளோடு திரும்ப வரவேண்டியதுதான். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வாள். சிங்கம்புணரியில் மரவேலை செய்யும் அவள் அப்பா, பட்டறைக்கு வருகிறவர்களிடமெல்லாம் "எம்மக இப்ப ஊரூராப் போயி ஊசி போடுது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். வாராவாரம் போனில் "இன்னைக்கு எத்தன பேருக்கு ஆத்தா போட்ட?" என்று கேட்பார். அவளும் வாராவாரம் "கூட்டம்ப்பா" என்பாள். கூட்டம் இருந்தது உண்மைதானே! அதைச் சொல்லிவிட்டு அவசரமாகப் போனை வைத்துவிடுவாள்.

கடைசி முகாம் கல்லலுக்கு அந்தப் பக்கம் செம்பொட்டலில். புதன்கிழமை காலையில் வேன் ஊர் மந்தைவெளியில் போய் நின்றபோது ஒரு ஈ காக்கை இல்லை. பந்தல் போடுவதாகச் சொன்ன இடத்தில் இரண்டு ஆடு நின்றது. கொஞ்ச நேரத்தில் மஞ்சள் வேட்டி கட்டிய ஒருவர் பத்துப் பன்னிரண்டு பேர் பின்தொடர வந்தார். கறுத்து ஒல்லியான தேகம், வெள்ளை மீசை, மழிக்காத மோவாய், மணிக்கட்டில் மஞ்சள் கட்டிய காப்பு. ஊரின் சாமியாடி மலையாண்டி. அய்யனாருக்கு மண்குதிரை சுமந்துபோகிற புரவி எடுப்பு முடிகிறவரைக்கும் அவரைப் பேர் சொல்லி யாரும் கூப்பிடமாட்டார்கள், வெறும் 'சாமி'தான்.

"டாக்டரம்மா கோவிச்சுக்கிறக் கூடாது" என்றார் அவர். "பிடிமண்ணு குடுத்துச் செய்யச் சொன்ன புரவி சூளையில கெடக்கு. ஊருக்குக் காப்புக் கட்டியாச்சு. அய்யனாரு கோயில்ல புரவி போயி எறங்குற வரைக்கும் ஊருக்குள்ள ஒரு சொட்டு ரத்தம் விழக்கூடாது. கோழி அறுக்கல, மோவாயில கத்தி வைக்கல. ஊசி போட்டா ரத்தம் வருமா வராதா, நீங்களே சொல்லுங்க."

பின்னால் நின்றவர்கள், அதானே என்பதுபோல் தலையாட்டினார்கள். டாக்டர் மஹாலட்சுமி நெற்றியைத் தேய்த்தார். "தேதி கேட்டப்ப ஒண்ணும் சொல்லலையே சாமி?"

"அப்பக் காப்புக் கட்டலைல்ல?"

அருண்பாண்டியன் பெட்டியைத் திரும்ப வேனில் ஏற்றவே ஆரம்பித்துவிட்டான். சுபலட்சுமிக்குக் கண்ணில் நீர் முட்டியது. ஆனால் நீர் முட்டும்போதுதான் அவளுக்குப் புத்தி வேலை செய்யும். பரீட்சை ஹாலிலும் அப்படித்தான். அவள் ஊரிலும் புரவி எடுப்பு உண்டு. முறையெல்லாம் தெரிந்த பிள்ளை.

"சாமி, ஊருக்குள்ளதான கூடாது? எல்லைக்கு அங்குட்டு வச்சா?"

மலையாண்டி திரும்பிப் பார்த்தார். குரல் எங்கிருந்து வருகிறது என்று தெரிய ஒரு நிமிஷம் ஆனது. பிறகு தலையைக் குனிந்து பார்த்தார். "எல்லைக்கு அங்குட்டா?"

"காப்புக் கட்டுனவுக பகல்ல எல்லை தாண்டலாம்ல சாமி? ராத் தங்கத்தான கூடாது? எங்க ஊர்ல அப்படித்தான்."

"அது… தாண்டலாம்." அவர் மீசையைத் தடவினார். "ஆனா அங்குட்டு ஒரே வெயிலு. வயசானவுக எப்படி நிப்பாக?"

"பஸ் ஸ்டாப்பு நிழற்குடை எல்லைக்கல்லுக்கு அங்குட்டுத்தான் இருக்கு சாமி. வர்றப்பப் பாத்தோம்."

கூட்டத்திலிருந்த ஒரு கிழவர், "புள்ள சொல்றது சரிதான், முறைக்கு ஒண்ணும் பங்கமில்ல" என்று சொல்லிவிட்டார். ஊர் அதைப் பிடித்துக்கொண்டது. போன மழைக்குப் பாதி ஊர் காய்ச்சலில் படுத்து எழுந்திருந்தது, ஊசி வேண்டும் என்கிற எண்ணம் எல்லார் மனசிலும் இருந்தது, சாமிக்குப் பயந்துதான் வாய் திறக்கவில்லை. அரை மணிக்குள் செம்பொட்டலே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எல்லைக்கல்லைத் தாண்டி நடந்தது. சாமியும் நடந்தார், எல்லாருக்கும் கடைசியாக.

நிழற்குடைக்குள் இரண்டு நாற்காலி போட்டார்கள். டாக்டர் நடுவில் நின்றார். அப்புறம் என்ன, வழக்கம்போலத்தான். ஊர் முழுக்க அருண்பாண்டியன் பக்கம் வரிசை கட்டியது.

"இந்தப் பக்கமும் வாங்க, ரெண்டும் ஒரே மருந்துதான்" என்றார் டாக்டர்.

"இருக்கட்டும்மா, எங்களுக்கென்ன அவசரம், நிக்கிறோம்."

அருண்பாண்டியன் நல்ல பையன். "அவதான் எங்க வகுப்புலயே முதல். என்னைவிட நல்லாப் போடுவா" என்று சத்தமாகவே சொன்னான். வரிசை அவனைப் பாசத்தோடு பார்த்தது. "தம்பிக்கு எம்புட்டு அடக்கம் பாரு" என்றாள் ஒருத்தி.

சுபலட்சுமி காலி நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். ஆத்திரமாக வந்தது. இரண்டு முறை பெட்டியைத் திறந்து குளிர்ச்சி சரியாக இருக்கிறதா என்று பார்த்தாள், இருந்தது. அதற்கு மேல் செய்ய ஒன்றுமில்லாததால் வரிசையை வேடிக்கை பார்த்தாள். வேலையாக இருக்கிறவர்கள் கண்ணுக்குத் தப்புவதெல்லாம் சும்மா நிற்கிறவர்கள் கண்ணில்தானே படும்? சாமி வரிசையின் முன்னால் வருவார். அவர் முறை வந்ததும் பின்னால் நிற்கிறவரைப் பார்த்து "நீ போ அப்பு" என்பார். அடுத்து "நீ போ ஆத்தா." இப்படியே வழிவிட்டு வழிவிட்டு வால்வரைக்கும் போய்விடுவார். மறுபடி ஊர்ந்து முன்னால் வருவார், மறுபடி "நீ போ அப்பு." ஊர் உருகியது. "சாமின்னா இப்படியில்ல இருக்கணும்! தனக்குன்னு ஒண்ணும் முந்தமாட்டாக." அருண்பாண்டியன் ஒரு கிழவியின் தோளில் ஊசியை இறக்கினான். சாமி சட்டென்று முகத்தைத் திருப்பிக் கண்மாயைப் பார்த்தார். நிழலில் நின்ற மனுஷருக்கு நெற்றி முழுக்க வேர்வை.

அடப்பாவமே!

அவளுக்குச் சிரிப்பு குபீரென்று வந்தது. புறங்கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பக்கத்தில் வெற்றிலை மென்றபடி நின்ற ஒரு அம்மாள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். காதில் தண்டட்டி, கண்ணில் குறும்பு. சாமியின் மனைவி கருப்பி.

"கண்டுபிடிச்சிட்டியா தாயி?" என்றாள் மெதுவாக. "போன வருசம் காப்புக்கட்டுக்குள்ளதான் எம் மருமக மாசமா இருக்கான்னு நர்சம்மா வீட்டுலயே வந்து ஊசி போட்டாக. அப்ப இவுகதான் பேத்தி பெறக்கப்போகுதுன்னு காப்பி வாங்கிக் குடுத்தாக. ஊசியாவது, ரத்தமாவது! போன மழையில காய்ச்சல் கண்டு சிவகங்க ஆஸ்பத்திரியில கெடந்த ஆளு. சக்கர வேற. இவுக போடாம நான் போட்டுக்கிறதா இல்ல. நீ ஏதாச்சும் செய்யி."

என்ன செய்ய? சத்தம் போட்டுச் சொன்னால் ஊர் சிரிக்கும், மனுஷன் அப்புறம் எப்படிச் சாமியாடி அரிவாள் எடுப்பார்? யோசித்துவிட்டு அவள் தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நிழற்குடைக்குப் பின்பக்கம், கண்மாயைப் பார்த்தாற்போல் கொண்டுபோய்ப் போட்டாள். அங்கே சுவர் மறைத்தது. பிறகு வரிசையின் வாலுக்குப் போனாள்.

"சாமி, அங்குட்டு நல்லா காத்து வருது. கொஞ்சம் உக்காருங்க. நீங்க சொல்லாம ஊசிய எடுக்கமாட்டேன்."

அவர் அவளைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். ஓட வழியிருக்கிறதா என்று கண்மாய்க்கரையையும் ஒருமுறை பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அவள் எதிரில் தரையில் குந்தினாள்.

"அருவா மேல ஏறி நிப்பீகளாம்ல சாமி?" என்றாள். கேலியாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"நிப்பேன். நல்லாப் பதம் வச்ச அருவா." அவர் குரல் இறங்கியது. "ஆனா தாயி, அது நான் நிக்கல. அய்யா எறங்கி வந்து நிக்கிறாரு. எனக்கு ஒண்ணும் தெரியாது. இந்த ஊசிக்குப் பாரு… அய்யா வரமாட்டாரு. நான்ல்ல தனியா உக்காரணும்!"

சுபலட்சுமிக்குச் சிரிப்புப் போய்விட்டது. தனியாக உட்காருவது என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும். காலி நாற்காலிக்குப் பின்னால் தனியாக நிற்பதும் ஏறக்குறைய அதுதான்.

"உங்ககிட்ட ஒரு உண்மையச் சொல்லிர்றேன் சாமி. நான் இதுவரைக்கும் ஒரு ஆளுக்கும் போட்டதில்ல. ரப்பர் பொம்மைக்குத்தான் போட்டிருக்கேன். டாக்டரம்மா பக்கத்துல நிப்பாங்க, தப்பு நடக்க விடமாட்டாங்க. ஆனா எனக்கும் பயமாத்தான் இருக்கு. வேணாம்னா அந்த அண்ணன்கிட்டயே போட்டுக்கங்க. அவரு நெறையப் பேருக்குப் போட்டுருக்காரு."

மலையாண்டி நிமிர்ந்தார். "ஒருத்தருக்கும் போடலையா?"

"ஒருத்தரும் உக்காரல சாமி."

"அப்ப நான் உக்காந்தா… நாந்தான் மொத ஆளா?"

"நீங்கதான் மொத ஆளு."

அவர் கண்மாயையே பார்த்தார். உள்ளுக்குள் எதையோ கூட்டிக் கழித்தார். செம்பொட்டலில் அய்யனார் கோயிலில் தலையில் கட்டுகிற பரிவட்ட மரியாதை முதலில் நாட்டாருக்கு, அடுத்து ஊர்த்தலைவரான அம்பலத்துக்கு, அடுத்து குதிரை செய்கிற வேளாருக்கு. அரிவாள் மேல் ஏறி நிற்கிற மனுஷனுக்கு அப்புறந்தான். அப்பா காலத்திலிருந்தே அப்படித்தான், மாற்ற யாராலும் முடியாது. அதற்காக வருஷாவருஷம் அவர் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுப்பது கருப்பிக்கு மட்டும் தெரியும்.

"பரிவட்டம் கட்டுறதுல எனக்கு நாலாவது எடந்தான் தாயி" என்றார். "இதுல எனக்கு முன்னாடி எவனும் இல்லைல்ல?"

"ஒருத்தருமே இல்ல சாமி. இனிமே யாரு வந்தாலும் உங்களுக்குப் பின்னாடிதான்."

மலையாண்டி மீசையை இரண்டு பக்கமும் ஒதுக்கிவிட்டுக்கொண்டார். துண்டை எடுத்து மடியில் வைத்தார். கண்ணை இறுக மூடினார். "டாக்டரம்மாளக் கூப்புடு."

டாக்டர் மஹாலட்சுமி வந்து நின்றார். சக்கரை, அலர்ஜி, காய்ச்சல் என்று சுபலட்சுமி கேட்க வேண்டியதெல்லாம் கேட்டாள். கண்ணைத் திறக்காமலே பதில் சொன்னார். பெட்டியைத் திறந்து குப்பியை எடுத்துத் தேதியைப் பார்த்து மருந்தை ஏற்றும்வரை அவள் கை சாதாரணமாகத்தான் இருந்தது. தோளைத் தொட்டதும்தான் திக்கென்றது. முத்தரசு மாமா குளிர்ந்து கிடப்பார். இந்தத் தோள் சூடாக இருந்தது, லேசாக நடுங்கியது, மூச்சுக்கு மூச்சு ஏறி இறங்கியது. நடுங்குவது அவரா தானா என்று ஒரு கணம் அவளுக்கே தெரியவில்லை. "கையத் தொங்கப் போடுங்க சாமி. இறுக்கிப் பிடிக்காதீக." எலும்பைத் தடவி, அதன் கீழே விரலை வைத்து அளந்தாள். நேராக இறக்கினாள். மருந்தைச் செலுத்தினாள். எடுத்தாள். பஞ்சை வைத்து அழுத்தினாள். அவ்வளவுதான்!

டாக்டர் தலையை அசைத்தார். சுபலட்சுமிக்கு அந்த இடத்திலேயே ஓவென்று அழ வேண்டும் போலிருந்தது, சிரிக்கவும் வேண்டும் போலிருந்தது.

"ம், போடு தாயி" என்றார் மலையாண்டி, மூடிய கண்ணோடு.

"போட்டாச்சு சாமி."

"என்னைய ஏமாத்தாத. போடு."

"சாமி, இங்க பாருங்க."

ஒற்றைக் கண்ணைத் திறந்து காலிச் சிரிஞ்சைப் பார்த்தார். மறு கண்ணையும் திறந்து தோளில் இருந்த பஞ்சைப் பார்த்தார். "அம்புட்டுத்தானா!" என்றார். நாற்காலியிலிருந்து ஒரே துள்ளாகத் துள்ளி, சுவரைச் சுற்றிக்கொண்டு ஓடி, வரிசைக்கு முன்னால் போய் இரண்டு கையையும் ஆகாயத்தில் தூக்கினார். "ஏலேய்ய்! தெரியவே இல்லடா!"

நடுவயிற்றிலிருந்து வந்த அந்தச் சத்தம் ஊருக்குப் பழக்கமான சத்தம். பெண்கள் கூட்டமாகக் குலவை போட்டார்கள். ஆண்கள் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார்கள். "அய்யா வந்துட்டாரு! எல்லைக்கு அங்குட்டே வந்துட்டாரு!" என்று ஒருவன் கத்தினான். அந்நேரம் பார்த்து வந்து நின்ற கல்லல் பஸ்ஸின் டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"அய்யா, ஊருக்கு ஒரு வாக்குச் சொல்லுங்க!"

மலையாண்டி கையைத் தூக்கியபடியே நின்றார். மூச்சு வாங்கியது. தான் யாராக நின்றுகொண்டிருக்கிறோம் என்று அவருக்கே சந்தேகம் வந்ததுபோல் முகத்தில் ஒரு திகைப்பு. ஊர் கைகட்டிக் காத்திருந்தது. கருப்பி மட்டும் தூணில் சாய்ந்து வெற்றிலையை மென்றுகொண்டிருந்தாள். அவர் அவளைப் பார்த்தார், சுவரோரம் ஓடிவந்து நின்ற சுபலட்சுமியைப் பார்த்தார், பார்த்து லேசாகக் கண்ணைச் சிமிட்டினார். சாமி கண் சிமிட்டுமா சிமிட்டாதா என்பதெல்லாம் பெரியவர்கள் பேச வேண்டிய விஷயம்.

"அந்தப் புள்ள கையி பூவு மாதிரிடா!" என்று முழங்கினார். "மொதல்ல உக்காந்தது யாரு தெரியுமாடா? நான்டா! அங்குட்டுப் போங்கடா!"

"சாமி, சாமி!" டாக்டர் மஹாலட்சுமி பின்னாலேயே ஓடிவந்தார். "அரை மணி நேரம் அசையாம உக்காரணும். குதிக்கக் கூடாது!"

இரண்டு பேர் சாமியைத் தாங்கிப் பிடித்துத் திண்டில் உட்காரவைத்தார்கள். வரிசை அப்படியே முதுகைத் திருப்பிக்கொண்டு சுவரைச் சுற்றிப் பின்பக்கம் போனது. அருண்பாண்டியன் காலி நாற்காலிக்குப் பின்னால் பஞ்சும் கையுமாக நின்றான். சுபலட்சுமியைப் பார்த்து, தாடியெல்லாம் பல்லாகச் சிரித்தான்.

முதலில் வந்து உட்கார்ந்தது கருப்பி. ரவிக்கைக் கையை ஏற்றினாள். தோளுக்குக் கீழே பச்சை குத்திய தேள் ஒன்று ஓடியது. "போடு தாயி."

சுபலட்சுமி பஞ்சை எடுத்தாள். திண்டிலிருந்து சாமி யாரிடமோ "நாந்தான் மொத ஆளு, எழுதிக்கிட்டாகளா கேளு" என்று சொல்வது கேட்டது. கருப்பியின் தோள் குலுங்க ஆரம்பித்தது. வாயைத் திறக்காமல், வெற்றிலைச் சாறு சிந்தாமல் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் சுபலட்சுமிக்குப் புறங்கை போதவில்லை. பஞ்சைத் தட்டில் வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"கொஞ்சம் பொறுங்கம்மா. சிரிச்சிட்டு வந்துர்றேன்."

"சிரி தாயி, சிரி. எங்களுக்கென்ன அவசரம்?"

கருப்பிக்குப் பின்னால் செம்பொட்டல் நின்றது. வளையல் போட்ட கையும், காப்புக் கட்டிய கையும், களிமண் காய்ந்த கையுமாக எல்லாரும் சட்டையையும் ரவிக்கையையும் தோள்வரை சுருட்டிக்கொண்டு, அவள் சிரித்து முடிக்கட்டும் என்று பொறுமையாக நின்றார்கள்.